மறுபடியும் வீடு குடுப்பீங்களா

சனிக்கிழமை காலையில் கோலீன் ஒரு வீட்டு வாசலில் வரிசையில் நின்றாள். ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் இது ஒரு செய்தியே இல்லை. அந்த ஊரில் சனிக்கிழமை காலையில் பாதிப் பேர் வாடகைக்கு வீடு பார்க்க ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆனால் கோலீன் இருபது வருடமாக மறுபக்கத்து ஆள். சாவியோடு வந்து கதவைத் திறந்து, ஷூவை வெளியே விடச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து எல்லோரையும் மரியாதையாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது அவள் வேலை. இன்றைக்குத்தான் அவளே ஷூவைக் கழற்றினாள். ஐம்பத்து நான்கு வயதில், ஆள் நெரிசலில் குனிந்து கயிற்றை அவிழ்ப்பதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை வேறு. இதற்கு முன் எத்தனை பேருடைய ஓட்டைக் காலுறையைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருப்போம் என்று நினைத்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வாசலில் சாவியோடு நின்ற ஏஜெண்ட் மர்ரே அவளைப் பார்த்துவிட்டான். வேறு கம்பெனிக்காரன், ஆனால் அந்த ஊரில் வாடகை ஏஜெண்டுகள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்றாகக் குடிப்பார்கள், மற்ற நாளில் ஒருவர் ஓனரை ஒருவர் கொத்திக்கொண்டு போவார்கள்.

"என்ன கோலீன், கட்சி மாறிட்டியா?" என்றான்.

"என்னைத் தொரத்திட்டாங்கப்பா. உள்ள விடு," என்றாள் கோலீன், மெதுவாக.

விஷயம் இதுதான். அவள் எட்டு வருடமாகக் குடியிருந்த வீட்டை அதன் ஓனர் விற்றுவிட்டார். வாங்கியவருக்குத் தானே அதில் குடியேற ஆசை. ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அதைக் கொடுத்த ஏஜெண்ட் பெண் ஃபோனில் மிகவும் வருத்தப்பட்டாள். கோலீனுக்கு அந்த வருத்தம் மனப்பாடம். அதே குரலில், அதே வார்த்தைகளில் அவளே எத்தனையோ பேரிடம் வருத்தப்பட்டிருக்கிறாள்.

கைநிறைய வீட்டுச் சாவி வைத்திருக்கிறவளுக்கு ஒரு வீடு கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்காது. தங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் வீடு எதையும் ஊழியர்கள் வாடகைக்கு எடுக்கக் கூடாது என்பது அவள் அலுவலகத்தின் சட்டம். நல்ல வீட்டையெல்லாம் உங்கள் ஆட்களே அமுக்கிக்கொள்கிறார்கள் என்று ஓனர்கள் முணுமுணுப்பார்களாம். முதலாளி டெரன்ஸ் இதைச் சொல்லிவிட்டுக் கையை விரித்தார். அவருக்கு மலை விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, சொந்த வீடு இருந்தது. கையை விரிக்க அங்கே நிறைய இடம்.

வீடு கிடைக்காவிட்டால் டால்பியில் தங்கை வீட்டுப் பின்பக்கத்து வராந்தாதான். அங்கே தங்கை கணவர் மீன்பிடி சாமான்களை அடைத்து வைத்திருந்தார். அதையெல்லாம் ஓரமாகத் தள்ளி ஒரு கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார். அங்கிருந்து வேலைக்கு வர ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். அந்த மனிதரின் பெரிய மனதோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உள்ளே போனாள். இரண்டு படுக்கையறை உள்ள பழைய பலகை வீடு. தொழில் புத்தி சும்மா இருக்குமா? பாத்ரூம் கூரையில் பூஞ்சைக்கு மேலேயே வெள்ளை அடித்திருந்தார்கள். பின்கதவு உப்பிப்போய் இருந்தது. ஹாலில் கார்ப்பெட்டின் சிவப்புக் கறையை மறைக்க ஒரு மேசையை இழுத்துப் போட்டிருந்தான் மர்ரே. அந்த ஊர் மண் சிவப்பு. கார்ப்பெட்டில் ஏறினால் இறங்காது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே கிழக்குப் பார்த்த ஜன்னல். நின்றதும் முகத்தில் வெயில் விழுந்தது. ஆகஸ்ட் மாதக் குளிர்காலத்து மேற்குக் காற்று எலும்புக்குள் புகுந்து குடைகிற ஊரில் அது சின்ன விஷயமில்லை. இந்த வீடு வேண்டும் என்று தோன்றியது. எதையாவது வேண்டும் என்று நினைத்து அவளுக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

"கோலீன்! நீங்க எங்க இங்க?"

திரும்பினால் டீகன். முப்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஏழு வயது மகளோடு வில்சன்டன் பக்கம் கோலீன் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். வாடகை ஒருநாள் தப்பியதில்லை. குழாய் ஒழுகினால் தானே கட்டிவிட்டு, அப்புறம்தான் தயங்கித் தயங்கி ஃபோன் செய்வாள். அந்த வீடு இப்போது ஓனருடைய மகனுக்கு வேண்டுமாம். டீகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது கோலீன்தான். வருத்தப்பட்டதும் அவள்தான்.

கோலீனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. காலி பண்ணச் சொன்னவளே வீடு தேடி நாயாய் அலைகிறாள் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மர்ரேயிடம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொல்லிவைத்தாள்.

டீகன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு. எப்படியும் அவர் உங்களுக்குத்தான ஃபோன் பண்ணிக் கேப்பாரு? என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்த ஜன்னல் பக்கமா ஒரு மேசை போட்டா பிப்பா இங்கயே உக்காந்து படிப்பா. நான் வேலை முடிச்சு வர நேரத்துக்கு நல்லா வெயில் வரும்."

"உன்னைப் பத்தி நல்லதைத் தவிர என்ன இருக்கு கண்ணு, சொல்றதுக்கு," என்றாள் கோலீன். அதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே இருவரும் விண்ணப்பம் போட்டார்கள். டீகன் போட்டது கோலீனுக்குத் தெரியும். கோலீன் போட்டது டீகனுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் ஒரு கேள்வி உண்டு. ஒருவருக்கு வீடு கொடுப்பதற்கு முன் புது ஏஜெண்ட் பழைய ஏஜெண்டுக்கு ஃபோன் செய்வார். வாடகை ஒழுங்காக வந்ததா, சுவரில் ஓட்டை போட்டார்களா, நாய் பூனை உண்டா என்று வரிசையாகக் கேட்பார். அதெல்லாம் ஒப்புக்கு. கம்ப்யூட்டரைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். கடைசியாக ஒன்று கேட்பார்: மறுபடியும் இவங்களுக்கு வீடு குடுப்பீங்களா? இதற்குப் பதில், கேட்ட வாய் மூடுவதற்குள் வர வேண்டும். வந்தால் வீடு. கொஞ்சம் இழுத்தால், ஒரு 'ம்' போட்டால், தொண்டையைச் செருமினால்கூடப் போதும், அந்த விண்ணப்பம் குப்பைக்குப் போய்விடும். பழைய ஏஜெண்ட் யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. புது ஏஜெண்ட் கேட்கவும் இல்லை. யார் மேலும் யாரும் வழக்குப் போட முடியாது. குடியிருப்பவர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. தாங்கள் செய்த பிழை என்னவென்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

கோலீன் அந்தக் கேள்வியை நியாயமாகவே கையாண்டிருக்கிறாள். வீட்டை நாசம் பண்ணியவர்களுக்கு இழுத்தாள், நல்லவர்களுக்கு உடனே சொன்னாள். எரிச்சலூட்டும் மனிதர்களுக்குக்கூட, வீட்டை நன்றாக வைத்திருந்தால், உடனே சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மர்ரேயிடமிருந்து ஃபோன் வந்தது. குரலில் சிரிப்பு. விண்ணப்பங்களை ஓனர் சலித்துவிட்டாராம். கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்று நீ, இன்னொன்று உன் வீட்டில் குடியிருக்கிற அந்தப் பொண்ணு, இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல என்றான்.

முறைப்படி அவன் டெரன்ஸைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தியுடைய போட்டியாளரைப் பற்றி அவளிடமே விசாரிப்பது எந்த ஊர் நியாயமும் இல்லை. டெரன்ஸைக் கேளு என்று கோலீன் சொல்லியிருக்கலாம். டெரன்ஸ் அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தார். மர்ரேக்கு அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டும். "சும்மா பேருக்குத்தான். கேக்கலேன்னா எங்க ஆபீஸ்ல கத்துவாங்க," என்றான்.

வாடகை? ஒருநாளும் தப்பியதில்லை. சேதம்? எதுவும் இல்லை. நாய், பூனை? கிடையாது. அக்கம்பக்கத்தில் புகார்? இல்லவே இல்லை.

"சரி. மறுபடியும் அவளுக்கு வீடு குடுப்பியா?"

கோலீனுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன ஒற்றை வார்த்தை. டால்பி வராந்தாவும் மீன்பிடித் தூண்டில்களும் கண்முன் வந்தன. தங்கை கணவர் காலையில் வாயைக் கொப்பளிக்கும் சத்தம் காதில் கேட்டது. அந்தச் சமையலறையில் முகத்தில் விழுந்த வெயில் நினைவுக்கு வந்தது. இவ்வளவும் வந்து போக எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான்.

"குடுப்பேன்," என்றாள்.

மறுமுனையில் மர்ரே பேனாவால் எதையோ கிறுக்குவது கேட்டது. பிறகு, "ம், புரியுது," என்றான்.

என்ன புரிந்தது என்று கேட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவள் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம் என்று பின்னால் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தாள். டீ மேசையில் ஆறிப்போய், ஏடு படிந்து, தொடாமல் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வீடு கோலீனுக்குத்தான் என்று சொல்ல மர்ரே கூப்பிட்டான். வாழ்த்துச் சொன்னான். ஓனருக்கு இரண்டு பேருமே பிடித்திருந்ததாம்; நான்தான் அந்தப் பொண்ணு வேண்டாம் என்று சொன்னேன் என்றான்.

"நீ வாயால சொல்லாட்டியும் எனக்குக் கேட்டுது. நாமளே நமக்கு ஒத்தாசை பண்ணலேன்னா எப்படி, சொல்லு?"

நான் அப்படிச் சொல்லவில்லை மர்ரே, அவள் தங்கமான பொண்ணு, வீட்டை அவளுக்கே கொடு. இந்த மூன்றையும் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. மர்ரே ஏதோ ஃபுட்பால் கதை பேசிக்கொண்டே போனான். அவள் நடுவில் குறுக்கிட்டு, சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் இல்லை. காலையில் எழுந்தபோது உடம்பு காற்றாக இருந்தது. குற்ற உணர்வில் புரண்டு புரண்டு படுத்தேன் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கும் வழியில்லாமல் போனது.

வியாழக்கிழமை டீகன் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இரவு வேலை முடித்து, பிப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கோலீன் அவளை உட்கார வைத்து, அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த வீடும் போச்சு என்றாள் டீகன். எந்த மகராசிக்குக் கிடைத்ததோ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும். வீடு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் காரணம் சொல்வதே இல்லை, 'இந்த முறை உங்களுக்கு அமையவில்லை' என்று ஒரே வரி எழுதி அனுப்புகிறார்கள் என்றாள். தூரத்தில் வாரிக் என்ற ஊரில் இருக்கும் அவள் அக்கா, தன் வீட்டு கார் ஷெட்டைக் கொஞ்ச நாளைக்குத் தருகிறாளாம். அங்கே போனால் பிப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். அவளுக்கு வேலையும் போகும்.

"அழறதுக்கு வரல கோலீன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்கிட்ட என்ன குறைன்னு நீங்களாவது சொல்லுங்க. ஆறு வருஷமா என்னைப் பாத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? எதுவா இருந்தாலும் பரவாயில்ல, திருத்திக்கிறேன்."

கோலீன் அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: குறை உன்னிடம் இல்லை, என்னிடம். அதைச் சொன்னால் வேலை போகலாம், வீடும் போகலாம். அதற்காகக்கூட அவள் பயப்படவில்லை. இந்தப் பெண் தன்னை இனிமேல் எப்படிப் பார்ப்பாள் என்பதற்குத்தான் பயந்தாள். அந்தப் பயம் கேவலமானது என்று தெரிந்தேதான் பயந்தாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். டீகன் எதிரே காத்துக்கொண்டிருந்தாள்.

"புல்லா இருக்கலாம்," என்றாள் கோலீன்.

"புல்லா?"

"முன்னாடி இருக்கிற புல்லு. போன தடவை வீட்டைப் பாக்க வந்தப்ப எடுத்த படத்துல கொஞ்சம் உயரமாத் தெரியும். சில ஓனருங்க அதைப் பாத்துட்டு… உனக்குத்தான் தெரியுமே, சின்னச் சின்ன விஷயம்."

அந்தப் படத்தை எடுத்ததும் கோலீன்தான். இரண்டு வாரம் விடாமல் மழை பெய்த சமயம். டூவூம்பா முழுக்க, மேயர் வீடு உட்பட, புல் முழங்கால் வரை நின்றது. அந்தப் படத்தை எந்த ஓனரும் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை.

டீகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் கோலீன் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் டீகன். "புல்லுதானா? கடவுளே, நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். புருஷன் இல்லாதவன்னு சொல்றாங்களோ, நைட்டு வேலைக்குப் போறதால கொழந்தையப் பாத்துக்க மாட்டேன்னு நெனக்கிறாங்களோன்னு… இத்தனை நாள்ல இதை ஒருத்தர் சொல்லல பாருங்க." எழுந்துபோகும்போது கோலீனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் புது வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுக்கக் கோலீன் கிளம்பினாள். மர்ரே சாவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தான். நேர் வழியில் போகாமல் வில்சன்டன் பக்கம் ஏன் காரைத் திருப்பினாள் என்று அவளைக் கேட்டால், அந்தத் தெருவில் இன்னொரு வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது என்பாள். அப்படி ஒரு வீடு அந்தத் தெருவில் இல்லை.

டீகன் வீட்டுக்கு முன்னால் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது போலிருக்கிறது, அதன் கைப்பிடி அவள் உயரத்துக்கு ஒத்து வராமல் குனிந்து தள்ளினாள். ஆகஸ்ட் மாதம், மழை நின்று எத்தனையோ வாரமாகிவிட்டது. வெட்டுவதற்கு அங்கே புல் என்று ஒன்றும் இல்லை. பழுப்பேறிய வேர்கள் தரையோடு தரையாகக் கிடந்தன. இயந்திரம் போகிற இடமெல்லாம் சிவப்பு மண்தான் கிளம்பியது. மேற்குக் காற்று அதை வாரி அவள் தலையிலும் சீருடையிலும் கொட்டியது. ராத்திரி வேலைக்குப் புறப்படுவதற்கு முன் அவள் கொஞ்சமாவது தூங்க வேண்டிய நேரம் அது. இன்னும் ஒரு வாரத்தில் காலி செய்யப் போகிற வீடு. பிப்பா வேலியோரம் மண்டியிட்டு, சமையலறைக் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்படியே போய்விடத்தான் கோலீன் நினைத்தாள். அதற்குள் டீகன் காரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இயந்திரத்தை நிறுத்தாமலே ஓடி வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு படம் எடுத்துடுங்களேன். பழசை எடுத்துட்டு இதைப் போட்டுட்டீங்கன்னா, அடுத்து யாரு கேட்டாலும் இதைக் காட்டலாமில்ல?"

கோலீன் இறங்கினாள். ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் வீடும், மொட்டைத் தரையும், தலையெல்லாம் செம்மண்ணோடு டீகனும், கத்தரிக்கோலோடு அந்தப் பெண்குழந்தையும் தெரிந்தார்கள். படம் எடுத்தாள். இன்னொன்றும் எடுத்தாள்.

"போதுமா கோலீன்? நீங்க தொழில் தெரிஞ்சவங்க, ஒளிக்காமச் சொல்லுங்க. எங்கயாவது இன்னும் உயரமா இருந்தா வெட்டிடறேன்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று கோலீன் வாயைத் திறந்தாள். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. டீகன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, அவள் சொல்லப் போவதைக் கேட்கக் குனிந்தாள்.

"அந்தத் தபால்பெட்டிகிட்ட," என்றாள் கோலீன். "அங்க மட்டும் கொஞ்சம்."

டீகன் தலையை ஆட்டிவிட்டுப் போய் இயந்திரத்தைத் தபால்பெட்டிப் பக்கம் திருப்பினாள்.